எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத வண்டி

வண்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன்; பூட்டினோமா என்று சந்தேகம் வரும்; திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பதால் எழுதுவதென்றாலும் பயம்தான். இந்த முதல் பக்கத்தையே மூன்று தடவை கிழித்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டால் கை துறுதுறு என்கிறது, நெஞ்சு இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங் பிடித்த அத்தனை வருஷத்திலும் அதுபோல ஒரு பகல் எனக்கு வாய்க்கவில்லை.

நட்டை எந்தப் பக்கம் திருகுவது, பிளக்கை எதைக்கொண்டு துடைப்பது என்பதை எல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லித்தருவார். அதை நான் எழுதப் போவதில்லை. எண்ணெய் விடவேண்டிய இடத்தில் விடாமல் வண்டியைக் கெடுத்தவர்கள் நம் தொழிலில் ஏராளம். நான் விடக்கூடாத இடத்தில், அதுவும் குளித்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, ஆசை ஆசையாக விட்டுக் கெடுத்தவன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துப் போட்ட பழைய காரை எங்கள் முதலாளி அண்ணாச்சி வாங்கினார். பாளையங்கோட்டையில் மண்டி வைத்திருந்தவர். வாங்கின கையோடு பின்சீட்டை அறுத்து எறிந்தார். ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பக்கம் பூராவும் பாரம் ஏற்றுகிற பலகைத் தட்டு அடித்தார். முன்னால் பித்தளை விளக்கும் தோல் மெத்தையும் பளபளக்கும். பின்னால் பார்த்தால் வைக்கோல் வண்டி. ஊர்க்காரர்கள் அதற்கு ‘அரைத்துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அரைத்துரைக்கு நித்தம் ஒரு நோவு. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி தவிட்டை உள்ளே போட்டு ஓட்டையை அடைப்போம். அடியில் தாங்குகிற வில்பட்டை ஒடிந்தால் மூங்கில் பத்தையை வைத்துப் பனைநாரால் வரிந்து கட்டுவோம். டயரில் ஒட்டு, அந்த ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு. டிரைவர் நான். பாரம் ஏற்ற, இறக்க, மேட்டில் வண்டிக்குப் பின்னால் ஓட, மேலப்பாளையத்து மைதீன். என் வயசுதான் அவருக்கும். நான் எதற்கெல்லாம் பயப்படுவேனோ அதற்கெல்லாம் சிரிப்பார். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

எங்கள் ஓட்டம் பெரும்பாலும் தெற்கே, திசையன்விளைப் பக்கம். அங்கே கருப்பட்டிக் கிடங்கு வைத்திருந்தவர் அன்னம்மாள் அக்கா. புருஷன் போன பிறகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து நடத்தினவர். சரஸ்வதி பூசைக்கு ஐந்தாறு நாள் முன்னால் வேறொருவர் பாரத்தோடு நாங்கள் அந்த வழியாக வந்தபோது, வண்டியை மறித்து என்னைக் கிடங்குக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

“மேல பாரு டிரைவர் தம்பி. இப்படியே மல்லாந்து படுத்தா நட்சத்திரம் எண்ணிரலாம்.”

காற்றில் கூரை ஓலை பாதி போயிருந்தது. மழைக்கு முன்னால் அவரவர் வீட்டை வேய்கிற அவசரத்தில் கூரை வேய ஒரு ஆளும் கிடைக்கவில்லை. கீழே ஓலைச் சிப்பங்களாக அடுக்கி வைத்திருந்தது, நல்ல விலை வரட்டும் என்று அவர் காத்துவைத்திருந்த கருப்பட்டி. அந்த வருஷத்து உழைப்பு மொத்தமும் அதுதான். உங்களுக்குத் தெரியும், கருப்பட்டிக்கு மழைக்காற்றே ஆகாது, வேர்த்து இளகும். தண்ணீர் இறங்கினால் பாகாக ஓடிப்போகும்.

வாசலில் இரண்டு மாட்டு வண்டிக்காரர்கள் நின்றார்கள். “இப்பமே ஏத்திட்டுப் போயிருதோம்” என்றார்கள். ஆனால் மாட்டு வண்டி என்றால் இரண்டு ராத்திரி வழியில் கிடக்க வேண்டும். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால்? அக்கா என் முகத்தைப் பார்த்தார். பயந்தவனுக்கு என்ன வந்ததோ, அன்றைக்கு வாய் நீண்டுவிட்டது.

“பூசைக்கு மறுநாள் மத்தியானம் வண்டி ஒங்க வாசல்ல நிக்கும் அக்கா. பொழுது சாயுததுக்குள்ள பாளையங்கோட்டை மண்டியில எறக்கிருவேன்.”

“வாக்கா?”

“வாக்குதான்.”

மாட்டு வண்டிகள் இரண்டும் வேறு பாரம் தேடிப் போய்விட்டன.

இனி பூசை நாளுக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கிளட்சை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இஞ்சின் சக்கரத்தின் குழிக்குள் போய் அடைகிற ஒரு இரும்புக் கூம்பு. கூம்பின் மேலே தோல் பட்டை. தோல் இரும்பைக் கவ்வினால் வண்டி நகரும். வழுக்கினால் இஞ்சின் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். காலுக்குக் கீழே பலகையைத் தூக்கினால் கண்ணுக்கே தெரியும். எனக்கு வேலை பழக்கிய ரயில்வே பிட்டர், “தோலு காஞ்சு கெடந்தா ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடு. ரெண்டே சொட்டு” என்று விரலைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

பூசையன்று காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தேன். மறுநாள் அன்னம்மாள் அக்காவின் பாரம். ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோமோ என்று கவலை. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தோல் வெளுத்துப்போய்க் கிடந்தது. இரண்டு சொட்டு விட்டேன். விட்டது தெரியாமல் உறிஞ்சிக்கொண்டது. எங்கள் அப்பா மாட்டு வண்டி ஓட்டினவர். ஆயுத பூசை வந்தால் மாட்டின் தோல்வாரை எல்லாம் விளக்கெண்ணெயில் ஊறப் போட்டுவிடுவார். மாட்டுக்கே அவ்வளவு என்றால் துரை வண்டிக்கு இரண்டு சொட்டா? இன்னும் கொஞ்சம் விட்டேன். பின்பக்கம் படவில்லையோ என்று கூம்பைத் திருப்பி அங்கேயும் விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து, போதாதோ என்று மறுபடியும் தேய்த்தேன். பாட்டிலில் அடிமண்டிதான் மிச்சம்.

மைதீன் எட்டிப் பார்த்தார். “என்னவே, அரைத்துரைக்குத் தீபாவளி முந்தியே வந்துட்டா?”

வேறு நாளாக இருந்தால் உடனே கிளப்பி நாலடி ஓட்டிப் பார்த்திருப்பேன். பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் அன்றைக்கு ஸ்பானர், சுத்தியல், இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு படத்துக்கு முன்னால் இருந்தன. பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றவனை அண்ணாச்சி அதட்டினார். “கைய வைக்காதலே. காலம்பறதான்.” தோல் பகல் பூராவும் எண்ணெயில் ஊறியது.

விடிந்தது. மண்டி வாசலில் கூட்டமான கூட்டம். எலுமிச்சம்பழத்தின் மேல் மோட்டார் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு பழம் வைத்தாயிற்று. அண்ணாச்சி சூடம் காட்டினார். மைதீன் கைப்பிடியைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கியரைப் போட்டுக் காலை எடுத்தேன்.

இஞ்சின் கத்துகிறது. சக்கரம் பழத்தில் போய்ச் செல்லமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் முடுக்கினேன். கட்டிடமே அதிர்கிறது. பழம் அப்படியே இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு மாட்டு வண்டிக்காரர் சத்தம் போட்டார். “ஏலே, எலுமிச்சம்பழத்துக்கு வழிவிட்டு நிக்குடோய்! துரை வளர்த்த வண்டில்லா, மரியாதை தெரியுது!”

“எங்க மாடு இந்நேரம் நாங்குநேரி போயிருக்கும்” என்றது இன்னொரு குரல்.

நான் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். எண்ணெய் கருகுகிற வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது. அந்த வாசனை என் மூக்கில் ஏறிய நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“நிறுத்துலே!” என்றார் அண்ணாச்சி. முகம் வெளுத்துவிட்டது. “சகுனம் சரியில்ல. அம்பாளுக்கு இஷ்டமில்லாம இன்னைக்கு வண்டி எடுக்கப்படாது. நாளைக்குப் பாப்போம்.”

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பழி சகுனத்தின் மேல் போய்விட்டது. சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் தோலைத் துடைத்துவிட்டு மறுநாள் ஜம்மென்று கிளம்பியிருக்கலாம். என் வேலைக்கும் ஆபத்தில்லை, மானத்துக்கும் ஆபத்தில்லை. ஆனால் தலையைத் தூக்கினேன். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. நட்சத்திரம் எண்ணுகிற கூரை கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டு பயம் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. அந்தக் கூரைப் பயம் ஜெயித்தது.

“அண்ணாச்சி, சகுனம் இல்ல. நாந்தான். கிளட்ச் தோலுக்கு எண்ணெய் விட்டேன். ரெண்டு சொட்டு விடணும். பாட்டில் பூரா விட்டுட்டேன்.”

கூட்டம் ‘ஓ’ என்று சிரித்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “கோட்டிப்பயலே, இத இத்தன பேரு முன்னாலயா சொல்லுவ?”

“சகுனம்னு விட்டா நாளைக்குத்தான் அண்ணாச்சி. எண்ணெய்னா இப்பமே துடைச்சிரலாம்.”

அவர் கிழக்கே பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு வார்த்தை சொன்னார். “துடை.”

பலகையைத் தூக்கினோம். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துப் பிழிந்தேன். வழி ஓட்டத்துக்கு வைத்திருந்த பெட்ரோல் அது. மேல் எண்ணெய் போயிற்று. ஆனாலும் தோல் மினுமினுக்கிறது. அதன் மேல் வறட்டுத் தூள் ஏதாவது போட்டு மிச்ச ஈரத்தை இழுக்க வேண்டும். வெள்ளைக்காரன் வண்டிக்கு அதற்கென்று தனித் தூள் டப்பாவில் வரும். எங்களிடம் ஏது?

மைதீன்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “எண்ணெய் தேய்ச்சு விட்டீருல்லா? அப்புறம் என்னத்துக்கு முழிக்கீரு? சீயக்காயப் போடும்வே.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணாச்சி, வீட்டுல சீயக்காய்த் தூள் இருக்கா?” என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு நிமிஷத்தில் ஒரு டப்பா நிறைய வந்தது. தோல் முழுக்கத் தூவினேன். காற்றில் பறந்து, சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தும்முகிறார்கள், அண்ணாச்சி உள்பட. மறுபடி கிளப்பிக் காலை எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. பச்சக் என்று நாலு பழமும் நசுங்கின! கூட்டம் கத்தின கத்தலில் நான் ஹாரன் அடிப்பதையே மறந்துவிட்டேன்.

சீயக்காய் நல்ல வைத்தியம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். மேலே தூவினது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஓட ஓடத் தோல் சூடேறும், உள்ளே ஊறின எண்ணெய் கசியும். நாங்குநேரி தாண்டும்போதே மேடு வந்தால் இஞ்சின் கத்த ஆரம்பித்துவிட்டது. மைதீன் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார்; வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார். இறங்கித் தூவுவோம், ஏறி ஓட்டுவோம், மறுபடி இறங்குவோம். மத்தியானம் ஆகிவிட்டது. திசையன்விளை இன்னும் வரவில்லை.

ஊருக்கு இரண்டு மைலுக்கு முன்னால் ஒரு ஓடை. கணுக்காலளவு செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே எங்கேயோ மழை விழுந்திருக்கிறது. இறங்கிவிட்டோம். அக்கரை ஏற்றத்தில் அரைத்துரை படுத்துக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாலு பேர் வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

“வெறும் வண்டிக்கே அஞ்சு ஆளு” என்று மூச்சு வாங்கினார் மைதீன். “திரும்பும்போது பாரத்தோட அந்தப் பக்கம் எப்படிவே ஏறும்?”

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடையைத் தாண்டினதும் மேட்டில் ஓடு போட்ட கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடம் ஒன்று. பூசை விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. அங்கே குடியிருந்து சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரிடம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். பிறகு மிச்சம் இரண்டு மைல். நல்ல சமதரை, வண்டி தடங்கல் இல்லாமல் ஓடிற்று. என் மனசுதான் ஓடவில்லை. பயந்தவனிடம் ஒரு கெட்ட புத்தி உண்டு. கெட்ட சேதியைக் கடைசி வரைக்கும் உள்ளேயே வைத்துக்கொள்வான். பாரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம், ஓடையில் நின்றால் அது கடவுள் விட்ட வழி என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்திருந்தால் அந்தக் கருப்பட்டி முழுவதும் ஓடையில் நின்று கரைந்திருக்கும். அந்த யோசனையை விட்டது நான் நல்லவன் என்பதால் அல்ல. காலையில் ஒரு தடவை உண்மையைச் சொல்லி உயிரோடு இருந்துவிட்டேன். இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அன்னம்மாள் அக்கா ரோட்டிலேயே நின்றார்.

“மத்தியானம்னா அது எந்த ஊரு மத்தியானம் தம்பி?”

இறங்கி நின்று, எண்ணெய் விட்டதிலிருந்து ஓடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். காற்று குளிர்ந்து வீசத் தொடங்கியிருந்தது. வானம் ஒரு பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

“உன் வாய நம்பித்தான் அந்த வண்டிக்காரனுவளத் திருப்பி அனுப்புனேன்.”

“ஆமா அக்கா.”

“திட்டுததுக்கு இப்ப நேரமில்ல, அப்புறம் திட்டுதேன். இந்தச் சவம் எதுவரைக்கும் போவும்?”

“ஓடை வரைக்கும் போவும். ஏறாது.”

“ஓடைக்கு இங்கிட்டு என்ன இருக்கு?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரைக்கும் என் புத்தியில் பாளையங்கோட்டை, மண்டி, வாக்கு இவை மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கருப்பட்டிக்குப் பாளையங்கோட்டை வேண்டியதில்லை. நனையாத ஒரு கூரை போதும்!

“பள்ளிக்கூடம் இருக்கு அக்கா! ஓட்டுக் கட்டிடம்! மேட்டுல இருக்கு!”

“பின்ன என்னத்துக்கு நிக்க? ஏத்து!”

மைதீன் வழக்கம்போல முழுப் பாரம் அடுக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தினேன். “மூணுல ஒரு பங்கு போதும்வே. மூணு நடை போவோம்.”

“மழை வந்துரும்வே!”

“முழுப் பாரம் ஏத்தித் தோலு கருகிட்டுன்னா ஒரு நடையும் போவாது.”

அவருக்குக் கோபம். ஆனால் அடுக்கினதை இறக்கினார். தம்பிகளே, பயத்தால் ஒரு லாபம் உண்டென்றால் இதுதான்: பயந்தவன் வண்டியின் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். முதல் நடை போனோம். அக்கா பாரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து வந்து, உபதேசியாரிடம் பேசிக் கதவைத் திறக்க வைத்தார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, தரை ஈரம் படாமல் சிப்பங்களை அடுக்கினோம். அக்கா அங்கேயே நின்றுகொண்டார், நாங்கள் திரும்பினோம். இரண்டாம் நடை. வழியெல்லாம் செம்மண் பறக்கிறது, மைதீன் பின்னால் நின்றுகொண்டு “விடும்வே, விடும்வே” என்று கத்துகிறார், எனக்கும் ஏதோ ஒரு வெறி. பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை! ஒவ்வொரு நடைக்கும் இடையில் பலகையைத் தூக்கி மிச்சமிருந்த சீயக்காயைத் தூவினேன். மூன்றாம் நடைக்கு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். விழுந்தது ஒரு சிட்டிகைதான்.

மூன்றாம் நடை பாதி வழியில் வரும்போது முதல் துளி என் கையில் விழுந்தது. எட்டணாக் காசு பெரிசு. தார்ப்பாயை இழுத்து மூடினோம். ஆனால் அது அரைத்துரையின் வயசு தார்ப்பாய். எத்தனை நேரம் தாங்கும்? பள்ளிக்கூடம் தெரிகிறது. வாசலில் ஏறுவதற்கு ஒரு சின்ன மேடு, மாட்டு வண்டி யோசிக்காமல் ஏறுகிற மேடு. முன் சக்கரம் ஏறிற்று. இஞ்சின் வீறிட்டது. வண்டி நின்றுவிட்டது.

பெட்ரோல் வாசனையும் கருகல் வாசனையும். கூப்பிடு தூரத்தில் திறந்த கதவு. மழை சோவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் முடுக்கினேன், இன்னும் முடுக்கினேன், பிறகு சட்டென்று இஞ்சினை நிறுத்திவிட்டேன். அந்த நிமிஷத்தில் வண்டியை ஏற்றிக்காட்ட வேண்டும் என்கிற ஆசையை விட்டது எனக்கே ஆச்சரியம். இறங்கி ஓடிவந்து கத்தினேன். “அக்கா! இனி வண்டி ஏறாது! ஆளு வேணும்!”

அக்காவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. “ஏ மக்கா! எல்லாரும் ஓடி வாங்க! ஏட்டி, சட்டிய எறக்கி வச்சுட்டு வாங்கட்டி!”

வந்தார்கள் ஐயா! பக்கத்துக் குடிசைகளில் இருந்த பனையேறிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஓடையில் வண்டியைத் தள்ளிக்கொடுத்த ஆட்டுக்காரர்கள், வேட்டியை மடித்துக் கட்டின உபதேசியார். வண்டியிலிருந்து கதவு வரைக்கும் வரிசையாக நின்றார்கள். தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதீன் சிப்பத்தை எடுத்து என் கையில் தருவார், நான் அடுத்த கைக்கு, அது அடுத்த கைக்கு. பெண்கள் முந்தானையை மேலே போர்த்திக் கொடுத்தார்கள். பறக்கிறது சிப்பம்! “பைய, பைய! பிள்ளைய வாங்குத மாதிரி வாங்குங்க” என்று அக்கா கதவருகே நின்று கத்துகிறார், அடுத்த மூச்சில் “வெரசா, வெரசா!” என்கிறார். எதைக் கேட்பது?

எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது. கடைசியாக இருந்த சிப்பம் மட்டும் தார்ப்பாயின் கிழிசலுக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. என் கைக்கு வரும்போதே ஓலை பிரிந்து, விரல் இடுக்கில் பாகு வழிந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஓட்டின் மேல் மழை இடி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொரு சிப்பத்தையும் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். நான் நனைந்த கோழி மாதிரி மூலையில் நின்றேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். சுற்றி முடித்துவிட்டு வந்து என் கையிலிருந்த நனைந்த சிப்பத்தை வாங்கினார். உபதேசியார் வீட்டு அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, சுக்கைத் தட்டிப் போட்டு, அந்தக் கருப்பட்டி முழுவதையும் அதில் உடைத்துப் போட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சிரட்டையிலும் லோட்டாவிலுமாக ஊற்றினார். முதல் லோட்டாவை என்னிடம் நீட்டினார்.

“எண்ணெய் விட்டது உன் கை. அத வந்து சொன்னது உன் வாய். வாய்க்காகத் தாரேன், குடி.”

நாக்கு வெந்துபோயிற்று. ஆனால் அதற்கப்புறம் அப்படி ஒரு சுக்கு வெந்நீர் நான் குடித்ததில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் ஓடையில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். இரண்டு நாள் ஒருவரும் தாண்ட முடியவில்லை. அக்காவின் கிடங்கில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் மைதீனும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கிளட்சைக் கழற்றி, தோலை உரித்து, அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பழைய கவலை திரும்பிவிட்டது. வண்டி போகவில்லை. பாரம் மண்டிக்குப் போகவில்லை. அண்ணாச்சி என்ன சொல்லப் போகிறார்? “சவத்த விடும்வே” என்றார் மைதீன். விட முடிந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்?

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் ஓடைக்குள்ளே மாட்டு மணிச் சத்தம் கேட்டது. வண்டியில் அண்ணாச்சி. ஓட்டி வந்தவர், எலுமிச்சம்பழத்துக்கு வழிவிட்டு நிற்கிறதென்று கத்தினாரே, அவரேதான், வாயெல்லாம் பல். அண்ணாச்சி இறங்கினார். மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற அரைத்துரையைத் தாண்டி வந்தார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போனார். அடுக்கியிருந்த சிப்பங்களைக் கண்ணால் அளந்தார். வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

“எத்தனை நனைஞ்சுதுலே?”

“ஒண்ணு அண்ணாச்சி.”

“அது எங்க?”

நான் மைதீனைப் பார்த்தேன். மைதீன் வானத்தைப் பார்த்தார்.

“குடிச்சிட்டோம் அண்ணாச்சி.”